நண்பனின் டாட்சன் 240 இசட்: பழைய கார்புரேட்டரா, மூன்று வெபரா, இன்ஜெக்ஷனா?

பழைய டாட்சன் 240 இசட் (நிசான் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர்களும், அவர்களுக்கு உதவப் போனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. வண்டி ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. சூடானதும் ஐட்லிங்கில் திணறுகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு எழுகிறது, பெட்ரோல் வாடை வண்டிக்குள்ளேயே அடிக்கிறது. காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும், இப்போதிருக்கும் இரண்டு கார்புரேட்டர்களைச் சீர்செய்வதா, அவற்றைக் கழற்றிவிட்டு மூன்று வெபர் கார்புரேட்டர் போடுவதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு இன்ஜெக்ஷனுக்குப் போய்விடுவதா?

என் நண்பனின் 1972ஆம் ஆண்டு வண்டியில் இதே கேள்வியோடு மூன்று மாத வார இறுதிகளைக் கழித்தேன். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் முடிவைத் தீர்மானித்தது நண்பன் கேட்ட ஒரு கேள்விதான்: "நீ வராத நாளில் இது வழியில் நின்றுவிட்டால் நான் என்ன செய்வது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்த வழியையும் நான் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் அதுதான்: உதவி செய்தவர் போன பிறகு, வண்டிக்காரர் தனியாக அதைப் பராமரிக்க முடியுமா? உங்களுக்கு எளிதாக இருக்கும் வழி அவருக்கும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் 1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமாகி, வெளிநாடுகளுக்கு 240 இசட் என்று போன இந்த வண்டியின் மதிப்பு அதன் அசல் தன்மையில்தான் இருக்கிறது. ஒரு துளை போட்டால் போட்டதுதான்.

மூன்றாவது, இந்த மாற்றம் தன் பின்னால் வேறு எதையெல்லாம் இழுத்துவரும்? மறைந்திருக்கும் செலவு முழுவதும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நான்காவது, வண்டி எப்படி ஓட்டப்படப் போகிறது: ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டுமா, தினமுமா, பந்தயத் தடத்திலா?

## பிரிப்பதற்கு முன் ஒரு முழு நாள்

கார்புரேட்டர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் நாங்கள் தொடங்கினோம். அது தவறு. இரண்டையும் இறக்கி, கழுவி, மாட்டி, மறுபடியும் இறக்கினோம். திணறல் அப்படியே இருந்தது.

பிறகுதான் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, வெற்றிட முன்னேற்றத்துக்கான (இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) மெல்லிய குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். உள்ளே பாயின்ட் (தீப்பொறிக்காக மின்னோட்டத்தை வெட்டி இணைக்கும் தொடுமுனை) உட்கார்ந்திருக்கும் தட்டு சற்றே திரும்ப வேண்டும். அசையவில்லை. அந்தத் தட்டின் அடியில் சிறுசிறு குண்டுகள் இருக்கின்றன. துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து அவற்றை இறுக்கிவிட்டிருந்தன. அதைச் சுத்தம் செய்து மாட்டியதும் பாதி நோய் போய்விட்டது. கார்புரேட்டரின் மீது நாங்கள் சுமத்திய பழியில் பாதி அதனுடையது அல்ல.

ஆகவே மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்தச் சோதனைகள் முதலில். ஆறு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பாருங்கள். மிகக் குறைந்த எண் மிக அதிக எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பிரச்சினை எரிபொருளில் இல்லை, இன்ஜினுக்குள் இருக்கிறது. வால்வு இடைவெளியை இன்ஜின் குளிர்ந்த நிலையில் வையுங்கள்: உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், புகைபோக்கி வால்வுக்கு 0.25. பாயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டருக்குள். பிளக் வயர்கள் 1-5-3-6-2-4 என்ற வரிசையில்தான் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டு எண்ணுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது என்பதை மறந்து மாற்றி மாட்டியவர்கள் உண்டு.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். முன் கார்புரேட்டர் 1, 2, 3ஆம் சிலிண்டர்களுக்கும் பின் கார்புரேட்டர் 4, 5, 6ஆம் சிலிண்டர்களுக்கும் ஊட்டுகிறது. முதல் மூன்று பிளக் கரியாகவும் அடுத்த மூன்று வெளுத்தும் இருந்தால், இரண்டு கார்புரேட்டர்களும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஆறும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

டேங்கையும் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகள் நின்ற வண்டியின் டேங்குக்குள் துருவும் பழைய பெட்ரோலின் பிசினும் கட்டாயம் இருக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தப் பிசினைக் கரைத்து முன்னால் அனுப்பும். பழைய ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். டேங்க் சுத்தமாகாமல் புதிதாக எதைப் போட்டாலும் ஒரு மாதத்தில் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

## வழி 1: இருக்கும் ஹிட்டாச்சி ஜோடியைச் சீர்செய்வது

240 இசட்டின் 2,393 சி.சி. எல் 24 இன்ஜினில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை எஸ்.யு. வகையைச் சேர்ந்த இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள். மேலே குமிழ்போன்ற மூடி, அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் கூம்பி வரும் ஊசி, ஊசி இறங்கும் ஜெட். இன்ஜின் அதிகமாக உறிஞ்சும்போது பிஸ்டன் எழுகிறது, ஊசி மேலேறுவதால் ஜெட்டின் வாய் அகல்கிறது, பெட்ரோல் கூடுகிறது. அசையும் பாகங்கள் சொற்பம்.

காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை ஒரு விரலால் மேலே தூக்கி விட்டுவிடுங்கள். மேலே போகும்போது குமிழுக்குள் இருக்கும் எண்ணெய் விரலை எதிர்க்கும். விட்டதும் தங்குதடையின்றி இறங்கி, அடியில் "டக்" என்று உலோகம் உலோகத்தில் அமரும் ஓசை கேட்க வேண்டும். அந்த ஓசை வரவில்லை என்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, அல்லது பிஸ்டனில் அழுக்கு இருக்கிறது. எண்ணெயின் எதிர்ப்பே தெரியவில்லை என்றால் குமிழ் காய்ந்திருக்கிறது; மிதித்ததும் மூச்சடைக்கும் குறை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. 20 கிரேடு மெல்லிய எண்ணெய் போதும். ஒரு குமிழும் அதன் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று இழைத்துச் செய்யப்பட்ட ஜோடி. முன்னுள்ளதைப் பின்னுள்ளதோடு மாற்றிவிடாதீர்கள். கழற்றும்போதே தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

சோக்கை இழுத்தால் இந்தக் கார்புரேட்டரில் ஜெட் கீழே இறங்குகிறது. உள்ளே தள்ளிய பிறகு ஜெட் முழுவதும் மேலே ஏறாமல் நடுவில் நின்றுவிட்டால், சூடான இன்ஜினுக்குப் பெட்ரோல் மிதமிஞ்சிப் போகும். அடியிலிருந்து விரலால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு வரும் சிறிய ரப்பர் குழாயையும் மாற்றிவிடுங்கள். வாடையின் பிறப்பிடம் பல வண்டிகளில் அதுதான்.

இந்த வழியின் மறைந்த செலவு த்ராட்டில் தண்டு, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு. பல ஆண்டு உழைத்த தண்டு, தான் சுழலும் துளையை நீள்வட்டமாகத் தேய்த்துவிடும். அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று நுழையும். எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஐட்லிங் சீராக நிலைக்காது. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் துளையைக் குடைந்து வெண்கலப் புஷ் (உள்வளையம்) அடிக்க வேண்டும். இது லேத் பட்டறை வேலை, துல்லியம் தேவை, வீட்டுத் துளைக்கருவியில் முடியாது. கடையில் விற்கும் காஸ்கெட் தொகுப்பை வாங்கி மாட்டிவிட்டு "சீர்செய்துவிட்டேன்" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஓடும் இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. இந்த இன்ஜினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. தெளித்த திரவம் சுடும் இரும்பின் மேல்தான் விழும். தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்துப் பாருங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ட்யூனிங்குக்கு வேண்டியது பொறுமையும் அரை மீட்டர் ரப்பர் குழாயும். ஜெட் இரண்டையும் முழுவதும் மேலேற்றி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று கீழே இறக்கித் தொடங்குங்கள். குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால் "ஸ்ஸ்" என்ற காற்றின் ஓசை கேட்கும். இரண்டு கார்புரேட்டர்களிலும் ஒரே சுருதியில் கேட்கும் வரை த்ராட்டில் திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்). உடனே தொய்ந்தால் லீன் (பெட்ரோல் குறைவு). சற்றே கூடி, பழைய இடத்துக்கு வந்தால் சரி.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? இன்ஜின் அசல் நிலையில் இருந்து, வண்டிக்காரருக்குக் கற்றுக்கொள்ளும் ஆர்வமும் இருந்தால், வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி 2: மூன்று இரட்டை வாய்க் கார்புரேட்டர்

வெபர் 40 டி.சி.ஓ.ஈ., மிகுனி சோலெக்ஸ் போன்ற இரட்டை வாய்க் கார்புரேட்டர்கள் மூன்றை வரிசையாக வைத்தால், ஆறு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு வாய் கிடைக்கிறது. பானெட்டைத் திறந்ததும் கண்ணைப் பறிக்கும். மிதித்ததும் எழும் அந்த உறுமலுக்கு ஈடே இல்லை; அதைக் கேட்ட பிறகு ஆசைப்படாமல் இருப்பது கடினம் என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வால்வுகளைத் திறக்கும் அசல் கேம்ஷாஃப்ட்டும் அசல் சிலிண்டர் ஹெட்டும் இருக்கும் இன்ஜினில், காசுக்கும் உழைப்புக்கும் ஈடான சக்தி கிடைக்காது. இன்ஜின் வாங்கிக்கொள்ளக்கூடிய காற்றுக்கு ஹிட்டாச்சி ஜோடியே கிட்டத்தட்டப் போதும். கேமை மாற்றி, ஹெட்டில் வேலை செய்து, புகைபோக்கியையும் மாற்றிய இன்ஜினில்தான் இவற்றின் உண்மையான பலம் தெரியும்.

பின்னால் வருவனவற்றைப் பாருங்கள். மூன்றுக்கும் பொருந்தும் மேனிஃபோல்ட், அதாவது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்த்தொகுதி. புதிய ஆக்ஸிலரேட்டர் இணைப்பு. அதில் ஒரு மூட்டு தளர்ந்தாலும் மூன்றும் சேர்ந்து திறக்காது. ஒவ்வொரு வாய்க்கும் மெயின் ஜெட், காற்று ஜெட், எமல்ஷன் குழாய், ஐடில் ஜெட், பம்ப் ஜெட், வென்சுரி. ஒவ்வொன்றிலும் ஆறு. அளவு பொருந்தவில்லை என்றால் மறுபடியும் ஆறு வாங்க வேண்டும். வெற்றிட முன்னேற்றத்துக்கான இணைப்பை இந்த அமைப்பில் பெரும்பாலும் இழக்க நேரும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரின் முன்னேற்றத்தையே மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தை ஒரு குழாயிலிருந்து எடுக்க வேண்டும். அடியில் புகைபோக்கி இருப்பதால் வெப்பத் தடுப்புத் தகடு இன்றியமையாதது; இல்லையென்றால் நெரிசலில் நின்ற பிறகு மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும். அழகுக்காக வடிகட்டி இல்லாமல் வெறும் ஊதுகொம்புகளோடு ஓட்டுபவர்கள், சாலையின் தூசியை நேரடியாகச் சிலிண்டருக்குள் விடுகிறார்கள்.

காதை வைத்து இதை முழுமையாக ட்யூன் செய்துவிட முடியாது. புகைபோக்கியில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தி, காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்; முழு மிதியில் ஏறக்குறைய 12.5 முதல் 13 வரை இருப்பது பாதுகாப்பு. அந்த நேரத்தில் ஒருவர் ஓட்ட, ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். நண்பனுக்கு இரண்டாவது ஆள் எப்போதும் இருப்பாரா?

## வழி 3: மின்னணு இன்ஜெக்ஷன்

நிசானே இந்தப் பாதையில்தான் போனது. 240 இசட்டின் வழியில் 1975இல் வந்த 280 இசட்டில் போஷ் எல்-ஜெட்ரானிக் முறையைச் சார்ந்த இன்ஜெக்ஷன் இருந்தது. எனவே இதை "துரோகம்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு, குளிர் காலையில் முதல் திருப்பிலேயே கிளம்ப வேண்டியவருக்கு, மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவருக்கு இதுவே சிறந்தது. கலவையை ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பார்த்துக்கொள்கிறது.

280 இசட்டின் மேனிஃபோல்ட்டை அப்படியே 240இல் பூட்டிவிடலாம் என்று சொல்வார்கள். போல்ட்டுகள் பொருந்தும். ஆனால் பழைய ஹெட்டின் துளைவாயில் இன்ஜெக்டர் தெளிப்பதற்கான பள்ளம் கிடையாது. அதைக் குடைய வேண்டும், குடைந்தால் திரும்ப வழியில்லை. வெபரின் வடிவத்திலேயே வரும் தனித்தனித் த்ராட்டில்களை வாங்கிப் போடலாம், வேலை அதிகம்.

எரிபொருள் பக்கம் முழுவதும் மாறும். ஹிட்டாச்சிக்கு 3, 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இன்ஜெக்ஷனுக்கு அதைப்போல் பத்து மடங்கு. எனவே புதிய பம்ப், உயரழுத்தக் குழாய், அதற்குரிய கிளிப், திரும்பி வரும் குழாய், வளைவில் பெட்ரோல் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க ஒரு சிறு துணை டேங்க். பழைய கார்புரேட்டர் குழாயையும் சாதாரணத் திருகு கிளிப்பையும் இந்த அழுத்தத்தில் பயன்படுத்துவது தீயை வரவேற்பதாகும். விபத்தில் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் இந்த வேலையை முடிக்கவே கூடாது.

மின்சாரப் பக்கம்தான் பெரும்பாலோர் கவனிக்காதது. 240 இசட்டின் ஆல்டர்னேட்டர் சுமார் 50 ஆம்பியர்தான் தரும், அதன் வோல்டேஜ் ரெகுலேட்டர் வெளியே தனியாக இருக்கிறது. மின்னோட்டம் டாஷ்போர்டின் ஆம்மீட்டர் வழியாகச் சுற்றிவருகிறது. ஹெட்லைட் சுவிட்ச்சின் ஊடாக முழு மின்னோட்டமும் போவதால் ஃப்யூஸ் பெட்டி உருகிய வண்டிகளை இந்த மாடலில் அடிக்கடி காணலாம். இந்த வயரிங்கின் மேல் பம்ப்பையும் ஈ.சி.யு.வையும் ஏற்றுவதற்கு முன், ரிலேக்கள் போட்டு, 280 இசட்.எக்ஸில் வந்த உள்ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடுவது நல்லது. இக்னிஷனை மாற்றும்போது இன்ஜின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரும் தகராறு செய்யும். 240இன் டாக்கோமீட்டர் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு இயங்குவது, புதிய மாட்யூலோடு முள் தாறுமாறாக ஆடும்.

வழியில் நின்றால்? லேப்டாப் தெரிந்தவருக்கு இது கார்புரேட்டரைவிட எளிது, தவறு எங்கே என்று திரையிலேயே காட்டும். தெரியாதவருக்கு அது மூடிய பெட்டி.

## பக்கத்தில் பக்கமாக

| | ஹிட்டாச்சி சீரமைப்பு | மூன்று வெபர் / மிகுனி | இன்ஜெக்ஷன் |
|---|---|---|---|
| வண்டிக்காரர் தனியாகப் பராமரிக்க | ஒரு வார இறுதியில் கற்கலாம் | மீட்டரும் இரண்டாவது ஆளும் தேவை | லேப்டாப் தெரிந்தால் எளிது |
| பழைய நிலைக்குத் திரும்ப | மாற்றமே இல்லை | முடியும், அசல் பாகங்கள் பத்திரமாக இருந்தால் | ஹெட்டையும் டேங்கையும் தொட்டுவிட்டால் கடினம் |
| மறைந்த செலவு | த்ராட்டில் தண்டுக்குப் புஷ் | ஜெட்டுகள், வெப்பத் தடுப்பு, டிஸ்ட்ரிபியூட்டர் | பம்ப், குழாய்கள், வயரிங், ஆல்டர்னேட்டர் |
| வண்டி ஓடாமல் நிற்கும் காலம் | குறைவு | நடுத்தரம் | நீண்டது |
| சிறப்பது | அசல் இன்ஜின், வார இறுதி ஓட்டம் | கேமும் ஹெட்டும் மாற்றிய இன்ஜின், தடம் | தினசரி ஓட்டம், குளிர், மலை |

"வண்டி ஓடாமல் நிற்கும் காலம்" என்ற வரியை லேசாக எண்ணாதீர்கள். பாகங்கள் பெட்டிகளில் கிடக்க, ஆறு மாதம் தொடப்படாமல் நிற்கும் வண்டி நட்பையும் அரித்துவிடும். உதவ வந்தவருக்கு வேலை வந்துவிடும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், வார இறுதிகள் போய்விடும். வண்டிக்காரர் கேட்கவும் கூசுவார். உங்களால் உறுதியாகத் தரமுடிகிற நாட்களை முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களுக்குள் முடியாத வழியைத் தொடங்கவே வேண்டாம்.

## 1973ஆம் ஆண்டு வண்டியாக இருந்தால்

வட அமெரிக்காவுக்குப் போன 1973 வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வேறு வகைக் கார்புரேட்டர் வந்தது. மேல்மூடி தட்டையாக இருக்கும். சூட்டில் திணறும் கெட்ட பெயர் அதற்கு உண்டு. அதைச் சீர்செய்வதில் காலத்தைச் செலவிடுவதைவிட, 1970-72 வண்டிகளின் குமிழ்மூடி ஜோடியை மேனிஃபோல்டோடு தேடி வாங்கி மாட்டுவது மேல். கழற்றியதை வீசிவிடாமல், பெயர் எழுதிப் பெட்டியில் வைத்து வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

## நாங்கள் செய்தது

முதல் வழிதான். தண்டுக்குப் புஷ் அடிக்கப் பட்டறையில் கொடுத்த நாட்களில் டேங்கை இறக்கிக் கழுவினோம். கார்புரேட்டர்கள் திரும்பி வந்ததும் மாட்டியது நான் அல்ல, அவன். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு இருபது நிமிட வேலை அவனுக்கு மூன்று மணி நேரம் ஆனது. முதல்முறை இரண்டு சுருதியும் ஒத்துவந்தபோது குழாயைக் காதிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. பின் கார்புரேட்டரின் பிஸ்டனைத் தூக்கினால் இன்ஜின் தொய்கிறது என்றான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ஜெட்டைக் கால் சுற்று இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்து, வண்டியை வெளியே எடுத்தும் ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் அழைத்தேன் என்றான்.